ஜீரோ ஏர் உண்மையில் ஜீரோதானா? கடற்காற்று ஏறினால் மைனஸ் காட்டும் நாக்ஸ் அனலைசர்

கரைநிலையம் | திங்கள், இரவு 9.10

வணக்கம். துறைமுகத்துக்குப் போகும் லாரிச் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கந்தக டை ஆக்சைடு, நாக்ஸ் (நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்தது), ஓசோன், கார்பன் மோனாக்சைடு என்று நான்கு அனலைசர்கள். வாரம் ஒருமுறை, காலை 7 மணிக்கு, ஜீரோ ஏர் ஜெனரேட்டரிலிருந்து சுத்தக் காற்றை விட்டு ஜீரோ சரிபார்த்து, அப்புறம் சிலிண்டர் வாயுவைக் கலந்து ஸ்பான் பார்க்கிறோம், அதாவது தெரிந்த அளவு வாயுவைக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று.

பிரச்சினை நாக்ஸ் அனலைசரில். காலையில் ஜீரோ அழகாக வருகிறது: 0.2, 0.1 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு). ஆனால் மதியம் கடற்காற்று ஏறியதும் நைட்ரிக் ஆக்சைடு மைனஸ் 3, மைனஸ் 4 என்று இறங்கிவிடுகிறது. மாலையில் லாரிகள் வர ஆரம்பித்ததும் மறுபடி மேலே வருகிறது. சர்வீஸுக்கு வந்தவர் போர்டு மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றினால் பெரிய செலவு.

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அந்த ஜீரோ ஏர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஊதா உருண்டைகள் ஒரு குடுவையில், கரி ஒரு குடுவையில் இருப்பது தெரியும், அவ்வளவுதான். கோளாறு அந்தப் பெட்டியில் இருக்க வாய்ப்பு உண்டா?

---

பழையகுறடு | திங்கள், இரவு 10.25

தம்பி, போர்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

அனலைசருக்குத் தானாக எது ஜீரோ என்று தெரியாது. நீங்கள் விடும் காற்றைப் பார்த்து, "சரி, இதுதான் ஒன்றுமில்லாத நிலை" என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றில் 4 பிபிபி நைட்ரிக் ஆக்சைடு இருந்தால், அந்த 4-ஐயே ஜீரோ என்று மனதில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு உண்மையிலேயே சுத்தமான காற்று வந்தால், அது மைனஸ் 4 ஆகத்தான் தெரியும். உங்கள் ஊரில் அந்தச் சுத்தமான காற்று எப்போது வருகிறது? மதியம், கடலிலிருந்து. அந்த நேரத்தில் ஓசோனும் கூடுதலாக இருக்கும். மிச்சம் மீதி நைட்ரிக் ஆக்சைடு இருந்தாலும் அதை டை ஆக்சைடாக மாற்றிவிடும். ஆகவே நைட்ரிக் ஆக்சைடு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய நேரம் அது.

பெட்டிக்குள் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் வேலை தண்ணீரை எடுப்பது. இதைப் பலரும் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெயிலில், 75 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். கம்ப்ரசர் அந்தக் காற்றை ஐந்தில் ஒரு பங்கு கன அளவுக்கு அமுக்கி, காயிலில் விட்டு 35 டிகிரிக்குக் குளிர வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமுங்கிய காற்றால் அதில் 8 கிராமைத்தான் ஆவியாகத் தாங்க முடியும். மீதி 15 கிராம் தண்ணீராகக் கொட்டிவிடும். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் பெட்டி இடைவிடாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 400 மில்லிக்கு மேல். ஏறக்குறைய அரை லிட்டர் பாட்டில் நிறையும்.

அந்தத் தண்ணீரை ஒரு டிரெய்ன் வால்வு அவ்வப்போது திறந்து வெளியே தள்ளும். அதற்கப்புறம் மிச்சமிருக்கும் ஆவியை ட்ரையர் பார்த்துக்கொள்ளும். உங்கள் பெட்டியில் நிமிடத்துக்கு ஒருமுறையோ என்னவோ "ஃபுஸ்" என்று ஒரு பெருமூச்சு கேட்கும், கவனித்திருப்பீர்கள். உள்ளே இரண்டு தூண்கள். இரண்டிலும் ஈரத்தை உறிஞ்சும் மணிகள்: மாலிக்யூலர் சீவ் அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா. ஒரு தூண் அழுத்தத்தில் காற்றை உலர்த்தும்போது, மற்றதன் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி, உலர்ந்த காற்றில் கொஞ்சத்தை எதிர்த்திசையில் விட்டு அதன் ஈரத்தை வெளியே ஊதிவிடும். பிறகு இரண்டும் இடம் மாறும். அந்தப் பெருமூச்சு இடம் மாறும் சத்தம்தான்.

இதில் ஹீட்டரே கிடையாது. ஈரத்தை உறிஞ்சும்போது மணிகள் சூடாகும். அந்தச் சூடு வெளியே போவதற்குள் தூணை மாற்றிவிட்டால், அதே சூடு ஈரத்தைக் கழற்றிவிட உதவும். அதனால்தான் சுற்று இவ்வளவு குறுகியது. எஸ்ஸோ ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம் என்பவர் கண்டுபிடித்து 1960-ல் காப்புரிமை வாங்கிய முறை. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் தனிப் பிரியம்.

ஒரே ஒரு கேள்வி, நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்கள். டிரெய்ன் குழாயின் அடியில் பாட்டில் இருக்கிறதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சேர்கிறது?

---

நேர்கோடு | திங்கள், இரவு 11.02

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். மைனஸ் 3, 4 பிபிபி என்பது அனலைசரிலிருந்தும் வரலாம். அனலைசருக்குள் ஒளியை அளக்கும் போட்டோமல்டிப்ளையர் குழாயின் குளிர்விப்பான் பலவீனமாகிவிட்டால், அறை வெப்பநிலை மாறும்போது இருட்டு மின்னோட்டமும் (ஒளியே இல்லாதபோதும் வரும் மின்னோட்டம்) மாறும். மதியம் ஏசி திணறுகிற நேரம் வேறு. ஜெனரேட்டர்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அதுவரை டேட்டா லாகரில் எல்லா அளவோடும் 3.5 கூடும்படி ஆஃப்செட் சேர்த்துவிட்டால் அறிக்கை பார்க்க ஒழுங்காக இருக்கும்.

---

பழையகுறடு | செவ்வாய், காலை 6.15

குளிர்விப்பான் பற்றிச் சொன்னது நியாயம். அதைப் பிரித்தறியும் சோதனை ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆஃப்செட் சேர்ப்பதை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த மைனஸ்தான் இப்போது நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி. எங்கோ ஒரு தப்பு நடக்கிறது என்று அது தினமும் மதியம் வந்து சொல்கிறது. அதன் மேல் 3.5-ஐப் பூசிவிட்டால், காரணம் அப்படியே இருக்கும், சாட்சி மட்டும் போய்விடும். அடுத்த மாதம் பிழை 7 ஆனால் யாருக்கும் தெரியாது. பொதுமக்கள் பார்க்கிற எண்கள் இவை.

சோதனை இதுதான். செலவு அதிகமில்லை.

ஜெனரேட்டரின் வெளியீட்டுக்கும் அனலைசருக்கும் நடுவில் புதிதாக நிரப்பிய இரண்டு குடுவைகளைச் சேருங்கள்: முதலில் பர்மாங்கனேட் உருண்டை (நீங்கள் சொன்ன ஊதா உருண்டை), அடுத்து புதுக் கரி, கடைசியில் தூசு வடிகட்டி. காலை 7 மணிக்கே செய்யுங்கள். குடுவை இல்லாமல் ஒரு அளவு, குடுவையோடு ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் ஜெனரேட்டர் சுத்தம். நேர்கோடு சொன்ன பக்கம் தேடலாம். குடுவையைச் சேர்த்ததும் அளவு இறங்கினால், இறங்கிய அளவுக்கு உங்கள் ஜீரோ ஏரில் அழுக்கு இருக்கிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். ஜீரோ காற்றை அதே நாள் மதியம் 3 மணிக்கும் ஒருமுறை விட்டுப் பாருங்கள். நல்ல ஜெனரேட்டர் எந்த நேரத்திலும் ஒரே ஜீரோவைத் தர வேண்டும்.

---

கரைநிலையம் | செவ்வாய், மதியம் 1.40

அண்ணா, நீங்கள் கேட்ட பாட்டில் இருக்கிறது. ஆனால் காய்ந்து கிடக்கிறது. நான் சேர்ந்த நாளிலிருந்து அதில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. அதை நல்ல அறிகுறி என்று நினைத்துவிட்டேன். பெட்டி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. காற்றை இழுக்கும் குழாய் நிலையத்தின் பின்பக்கம், சாலையைப் பார்த்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

குடுவைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், நாளைக் காலை வந்துவிடும். அதற்குள் ஒரு கேள்வி. இவ்வளவு தலைவலி எதற்கு? சுத்தமான நைட்ரஜன் சிலிண்டர் ஒன்றை வாங்கி அதையே ஜீரோவாக விட்டால் என்ன?

---

ஆய்வகச்சாளரம் | செவ்வாய், மாலை 5.30

இந்தக் கேள்வியை என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் கேட்பார்கள், தம்பி. கேட்பது நல்லதுதான்.

அனலைசர் பார்க்கப்போவது காற்றை. காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். உங்கள் கந்தக டை ஆக்சைடு அனலைசரில் புற ஊதா ஒளி பட்டு மூலக்கூறு கிளர்ந்து ஒளி விடுகிறது. பக்கத்தில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் இருந்தால், ஒளி விடுவதற்கு முன்பே மோதி அந்த ஆற்றலைப் பிடுங்கிவிடும். நைட்ரஜனிலேயே நீர்க்கச் செய்து ஸ்பான் பார்த்தால் அந்தப் பிடுங்கல் வேறு அளவில் இருக்கும். ஒளி கூடுதலாகத் தெரியும். அப்படிக் கேலிப்ரேட் செய்த கருவியில் வெளிக்காற்று வந்ததும் அளவு குறைந்து தெரியும். நாக்ஸ் அனலைசரிலும் இதே மாதிரி மோதல் உண்டு. அங்கே ஆவி நிலையில் இருக்கும் தண்ணீர்தான் பெரிய திருடன். ஓசோன் கேலிப்ரேஷனுக்கோ நைட்ரஜன் கொஞ்சமும் உதவாது, ஏனென்றால் கேலிப்ரேட்டருக்குள் (தெரிந்த அளவு வாயுவைக் கலந்து தரும் கருவி) ஓசோனைச் செய்வதே ஜீரோ ஏரில் இருக்கும் ஆக்சிஜனிலிருந்துதான்.

ஆகவே நமக்கு வேண்டியது வெற்று வாயு கிடையாது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் காற்றில் இருக்கிற விகிதத்திலேயே இருக்க, நாம் அளக்கிற வாயுக்கள் மட்டும் இல்லாத காற்று. அதைச் சிலிண்டரிலும் வாங்கலாம், செயற்கைக் காற்று என்று தருவார்கள். ஆனால் நான்கு அனலைசருக்கும் கேலிப்ரேட்டருக்குமாக நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 7000 லிட்டர் அடங்கிய பெரிய சிலிண்டர் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அதனால் ஒரு சிலிண்டரை வாங்கிப் பூட்டி வைத்து, ஜெனரேட்டரைச் சோதிக்க மட்டும் பயன்படுத்துவது நல்ல பழக்கம். எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

---

பாலைமணல் | செவ்வாய், இரவு 8.50

வளைகுடாவில் ஒரு நிலையத்தில் இருக்கிறேன். எங்களுக்குக் கோடையில் கடலோர ஈரமும் தூசும் ஒன்றாக வரும். இங்கே கற்றுக்கொண்டது: இழுக்கும் குழாயின் வாயில் இருக்கும் தூசு வடிகட்டியை அடைத்துப்போக விடாதீர்கள், கம்ப்ரசர் திணறினால் அழுத்தம் இறங்கும், அழுத்தம் இறங்கினால் ட்ரையர் கெடும். அப்புறம், வெளியேயிருந்து வரும் ஈரக் காற்று ஏசி அறைக்குள் நுழையும் இடத்தில் குழாய்க்குள்ளேயே தண்ணீர் கோத்துக்கொள்ளும். அந்த இடத்தில் குழாய் தொய்ந்து தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கரைநிலையம் | புதன், மாலை 4.15

செய்துவிட்டேன். எண்களை அப்படியே தருகிறேன்.

காலை 7 மணி, குடுவை இல்லாமல்: 0.2. புதுக் குடுவைகளைச் சேர்த்து இருபது நிமிடம் விட்ட பிறகு: மைனஸ் 3.6.
மதியம் 3 மணி, குடுவை இல்லாமல்: மைனஸ் 3.1. குடுவையோடு: மைனஸ் 3.6.

குடுவையோடு காலையும் மதியமும் ஒரே எண். அப்படியென்றால் அனலைசர் ஆடவில்லை, ஜெனரேட்டர்தான் ஆடுகிறது என்று புரிந்துகொள்கிறேன். சரிதானா?

பெட்டியைத் திறந்தும் பார்த்தேன். டிரெய்ன் வால்வுக்கு முன்னால் இருக்கும் சின்ன வலையில் துருவும் களிமண் மாதிரி ஒரு படிவும் அடைத்திருந்தது. தண்ணீர்ப் பொறியின் கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. பர்மாங்கனேட் உருண்டைகள் நுழைவாயில் முதல் கடைசி வரை பழுப்பு. ஊதா ஒன்றுகூட இல்லை. குடுவையின் முன்பக்கம் பெட்டியின் மூடிக்கு எதிராக இருப்பதால் வெளியேயிருந்து பார்த்தால் தெரியாது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பதிவேட்டில் இல்லை.

எட்டு மாதமாக இதை ஜீரோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது.

---

பழையகுறடு | புதன், இரவு 7.40

தம்பி, புரிந்துகொண்டது முழுக்கச் சரி. உங்கள் நான்கு எண்களிலேயே கதை முழுவதும் இருக்கிறது. காலை 7 மணிக்குச் சாலையில் லாரிப் புகை. தேய்ந்த உருண்டைகள் அதில் ஒரு பகுதியை விட்டுவிடுகின்றன. அந்தக் கசிவுதான் 3.8. மதியம் இழுக்கும் காற்றே சுத்தம். கசிய எதுவும் பெரிதாக இல்லை, அதனால் அரை பிபிபிதான் வித்தியாசம். ஒரே பெட்டி, ஒரே நாளில் இரண்டு ஜீரோ.

கையெழுத்தை நினைத்து வருந்த வேண்டாம். சந்தேகப்பட்டுக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

இப்போது ஸ்க்ரப்பர் பக்கத்தை, அதாவது அழுக்கு வாயுக்களைப் பிடிக்கும் குடுவைகளைப் பற்றிச் சொல்கிறேன், இது தெரிந்தால் எந்தக் குடுவை தேய்ந்தால் எந்த அனலைசர் பொய் சொல்லும் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கரி நிறைய வாயுக்களைப் பிடிக்கும்: ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, பென்சீன் போன்ற கனமான ஹைட்ரோகார்பன்கள். ஆனால் நைட்ரிக் ஆக்சைடு அதற்குப் பிடிபடாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் கரிக்கு முன்னால் பர்மாங்கனேட். அலுமினா உருண்டைகளில் ஊறியிருக்கும் பொட்டாசியம் பர்மாங்கனேட், நைட்ரிக் ஆக்சைடை டை ஆக்சைடாக மாற்றுகிறது. மாற்றியதைக் கரி பிடித்துக்கொள்கிறது. வேலை செய்யச் செய்ய பர்மாங்கனேட் மாங்கனீசு டை ஆக்சைடாகிறது, ஊதா பழுப்பாகிறது. குடுவைகளை இடம் மாற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்: கரி முதலில், உருண்டை பிறகு. இரண்டும் புதிதாக இருந்தும் ஜீரோ கெட்டுப்போகும். சில பழைய ஏற்பாடுகளில் பர்மாங்கனேட்டுக்குப் பதில் ஓசோனைக் கலந்தே நைட்ரிக் ஆக்சைடை மாற்றினார்கள். அதற்கும் பின்னால் கரி வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு கரியிலும் சிக்காது, பர்மாங்கனேட்டிலும் சரியாகச் சிக்காது. அதற்கு ஹாப்கலைட். மாங்கனீசு ஆக்சைடும் செம்பு ஆக்சைடும் கலந்த கறுப்புத் துகள். முதல் உலகப் போர்க் காலத்தில் நச்சுப் புகை முகமூடிகளுக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்தது. இரண்டு பெயர்களின் முன்பாதியையும் ஒட்டித்தான் ஹாப்-கலைட். சாதாரண வெப்பநிலையிலேயே மோனாக்சைடை டை ஆக்சைடாக மாற்றிவிடும். ஈரம் பட்டால் செத்துவிடும். ஆகவே உங்கள் பெட்டியில் அது இருந்தால், டிரெய்ன் அடைத்திருந்த இத்தனை மாதத்தில் அதுவும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கார்பன் மோனாக்சைடு ஜீரோவையும் இதே முறையில் சோதித்துவிடுங்கள்.

மீத்தேனுக்குத்தான் சூடு தேவை. பல்லேடியம் அல்லது பிளாட்டினம் பூசிய கேட்டலிஸ்ட், 350 முதல் 400 டிகிரி வாக்கில். மீத்தேனைக் கட்டிப் போட்டிருக்கும் பிணைப்பு அவ்வளவு பிடிவாதமானது. ஹைட்ரோகார்பன் அனலைசர் இல்லாத நிலையத்துக்கு அது அவசியமில்லை.

---

நேர்கோடு | புதன், இரவு 9.05

எண்களைப் பார்த்தேன். ஜெனரேட்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆஃப்செட் யோசனையையும் திரும்பப் பெறுகிறேன், காலையில் 3.8, மதியம் 0.5 என்று மாறும் பிழைக்கு ஒற்றை எண்ணைச் சேர்த்திருந்தால் அடுத்த வாரமே வேறு இடத்தில் இடித்திருக்கும்.

ஆனால் பழைய டேட்டா பற்றி ஒரு விஷயம், கரைநிலையத்துக்குக் கொஞ்சம் நிம்மதி தரலாம். அனலைசர் நைட்ரஜன் டை ஆக்சைடை நேராக அளப்பதில்லை. மொத்த நாக்ஸிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைக் கழித்துத்தான் சொல்கிறது. கசிந்தது நைட்ரிக் ஆக்சைடு மட்டும், கரி இன்னும் டை ஆக்சைடைப் பிடிக்கிறது என்றால், இரண்டு சேனலும் ஒரே அளவு கீழே இறங்கியிருக்கும். கழித்தால் பிழை அடிபட்டுவிடும். 2009-ல் அறிவித்த தேசியக் காற்றுத்தர அளவுகளில் இருப்பது டை ஆக்சைடுதான்: ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், 24 மணி நேரத்துக்கு 80. அந்தக் கணக்கு பெரிய சேதமில்லாமல் தப்பியிருக்கலாம்.

---

ஆய்வகச்சாளரம் | புதன், இரவு 9.50

நேர்கோடு சொன்னது அருமையான கவனிப்பு. ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன்: கரி இன்னும் பிடிக்கிறது என்பதை அனுமானமாக விடக்கூடாது, சோதிக்க வேண்டும். ஈரமான காற்று இத்தனை மாதம் ஓடியிருக்கிறது. நுண்துளைகளில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் கரியின் கொள்ளளவும் குறையும். குடுவைச் சோதனையில் நாக்ஸ் சேனல் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தீர்களா, தம்பி? நைட்ரிக் ஆக்சைடு இறங்கிய அளவே இறங்கியிருந்தால் கரி பிழைத்திருக்கிறது. அதைவிட அதிகம் என்றால் டை ஆக்சைடும் கசிந்திருக்கிறது. அப்போது ஒரு பிபிபிக்கு 1.88 மைக்ரோகிராம் வீதம் அறிக்கை குறைத்துச் சொல்லியிருக்கும்.

ஸ்பானையும் மறக்காதீர்கள். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 40 மில்லி எடுத்து மொத்தம் 5 லிட்டராக்கினால் 400 பிபிபி. அதில் 4 பிபிபி அழுக்கு ஒரு சதவீதம்தான், கண்ணில் படாது. ஸ்பான் நன்றாக வருகிறது என்பதை வைத்து ஜீரோ ஏர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். பிழை முழுக்கக் குறைந்த அளவுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஊர்க்காற்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

---

பசுங்கூடு | வியாழன், காலை 10.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பசுங்குடில் வாயுக்களில் ஆராய்ச்சி மாணவி. எங்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஜீரோ தேவை. இந்தப் பெட்டியையே பயன்படுத்தலாமா? இன்னொரு கேள்வி: வெளிக்காற்று ஈரமாகத்தானே இருக்கிறது. அப்புறம் ஏன் உலர்ந்த காற்றை வைத்துக் கேலிப்ரேட் செய்ய வேண்டும்?

---

பழையகுறடு | வியாழன், மதியம் 12.35

பயன்படுத்த முடியாது, அம்மா. கரியும் பர்மாங்கனேட்டும் கார்பன் டை ஆக்சைடை அப்படியே விட்டுவிடும். 420 பிபிஎம் உள்ளே போனால் கிட்டத்தட்ட அதுவே வெளியே வரும். மாலிக்யூலர் சீவ் ட்ரையர் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் சுற்றுக்குச் சுற்று பிடித்து விட்டு ஆடிக்கொண்டிருக்கும், அது இன்னும் மோசம். கடைசியில் சோடா லைம் குடுவை ஒன்று தனியாகப் போடுங்கள். சோடா லைம் வேலை செய்யும்போது தண்ணீரை வெளியிடும், ஆகவே அதற்குப் பின்னால் மறுபடி ஓர் உலர்த்தி வேண்டும்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. எந்த ஊரிலும், எந்த மாதத்திலும், ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கொண்டுவரக்கூடிய ஈரநிலை உலர்ந்த நிலை ஒன்றுதான். 60 சதவீத ஈரத்தை இன்றைக்கும் அடுத்த ஆடி மாதத்துக்கும் ஒரே மாதிரி கொண்டுவருவது லேசில்லை. வெளிக்காற்றின் ஈரத்தைச் சமாளிக்கப் பல அனலைசர்களில் உள்ளேயே நேஃபியான் குழாய் வைத்திருப்பார்கள். ஈரத்தை மட்டும் சுவர் வழியாக வெளியே கடத்திவிடும்.

உலர்வு எவ்வளவு என்பதைப் பனிநிலையில், அதாவது டியூ பாயிண்டில் சொல்வார்கள். மைனஸ் 20 டிகிரி என்றால் பத்து லட்சத்தில் சுமார் ஆயிரம் பங்கு தண்ணீர். மைனஸ் 40 என்றால் சுமார் 127 பங்கு. மைனஸ் 70-ல் மூன்று பங்குக்கும் கீழே. வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: சொல்லியிருக்கும் டியூ பாயிண்ட் அழுத்தத்திலா, வெளியில் விட்ட பிறகா? ஐந்து பார் அழுத்தத்தில் மைனஸ் 20 என்று அளந்த காற்று, விரிந்து சாதாரண அழுத்தத்துக்கு வந்ததும் மைனஸ் 36 வாக்கில் இருக்கும். ஒரே காற்றுக்கு இரண்டு எண்கள். விலைப்பட்டியல்களை ஒப்பிடும்போது இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

மிக உலர்ந்த காற்றை நீளமான பிளாஸ்டிக் குழாயில் கொண்டுபோகாதீர்கள். உள்ளே அழுத்தம் அதிகம், வெளியிலிருந்து எதுவும் வராது என்று தோன்றும். ஆனால் நீராவி தன்னுடைய பகுதி அழுத்தத்தை மட்டும்தான் பார்க்கும். வெளியே அது பல மடங்கு அதிகம், குழாயின் சுவரையே ஊடுருவி உள்ளே வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடுவது நல்லது.

---

கரைநிலையம் | வெள்ளி, இரவு 8.30

ஆய்வகச்சாளரம் அக்கா கேட்டதைப் பார்த்தேன். புதன் காலை நாக்ஸ் சேனல் இறங்கியது 3.9, நைட்ரிக் ஆக்சைடு இறங்கியது 3.8. கரி பிழைத்திருக்கிறது போல. இருந்தாலும் அதையும் மாற்றிவிட்டேன்.

கார்பன் மோனாக்சைடில் பழையகுறடு அண்ணா சொன்னதுதான் நடந்திருக்கிறது. புது ஹாப்கலைட் குடுவையைச் சேர்த்ததும் காலையில் 0.2 பிபிஎம் இறங்கியது. அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

டிரெய்ன் வலையைக் கழுவிப் பொருத்தினேன். ஒரு மணி நேரத்திலேயே பாட்டிலில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ட்ரையர் தூண்களில் ஊறியிருக்கும் ஈரம் போக இரண்டு நாள் அனலைசரோடு சேர்க்காமல் வெறுமனே ஓட விட்டிருக்கிறேன். இழுக்கும் குழாயைச் சாலைப் பக்கத்திலிருந்து கடல் பக்கத்துக்குத் திருப்பலாமா என்று யோசிக்கிறேன்.

எல்லா எண்களையும், படங்களையும் சேர்த்து மேலே அறிக்கை எழுதிவிட்டேன். எட்டு மாத நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு டேட்டாவுக்கு அடையாளக் குறி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நானாக எதையும் திருத்தவில்லை.

---

பழையகுறடு | வெள்ளி, இரவு 9.20

சரியாகச் செய்திருக்கிறீர்கள். திருத்துவது பிறகு, ஆதாரம் இருந்தால் மட்டும், எப்படித் திருத்தினோம் என்று எழுதி வைத்து.

குழாயைக் கடல் பக்கம் திருப்புங்கள், ஸ்க்ரப்பர் கூடுதல் நாள் வரும். உப்புக் காற்றுக்கு ஒரு தூசு வடிகட்டி போட்டுவிடுங்கள். ஜீரோ பார்க்கும் நேரத்தை மட்டும் காலை 7 மணியிலேயே வையுங்கள். சாலை மோசமாக இருக்கும் நேரத்தில் தாக்குப்பிடித்தால்தான் பெட்டியை நம்பலாம்.

மேனிஃபோல்டின் (ஜீரோ காற்றை எல்லா அனலைசருக்கும் பிரித்துத் தரும் குழாய்) வென்ட்டில், அதாவது உபரிக் காற்று போகும் துளையில், காற்று வெளியேறுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தீர்களா? நான்கு அனலைசரும் சேர்ந்து சுமார் 3 லிட்டர் இழுக்கும். ஜெனரேட்டர் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் வென்ட் வழியாக அறைக்காற்று உள்ளே வந்துவிடும், எத்தனை குடுவை போட்டும் பயனில்லை.

---

கரைநிலையம் | திங்கள், மாலை 5.10

வென்ட்டில் காற்று வெளியேதான் போகிறது, நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்.

இன்று காலை 7 மணிக்கு, சாலையில் லாரிகள் வரிசையாக நின்றபோது, ஜீரோவைப் புதிதாகச் சரிசெய்தேன். புதுக் குடுவைகளை வெளியே கூடுதலாகச் சேர்த்தும் பார்த்தேன்: வித்தியாசம் 0.1. மதியம் கடற்காற்று இரண்டரை மணிக்கு ஏறியது. நைட்ரிக் ஆக்சைடு 0.3, 0.2, 0.4 என்று நின்றது. மைனஸ் வரவில்லை.

பாட்டிலில் வெள்ளி இரவு முதல் சனி இரவு வரை 380 மில்லி. அளவுக் கோடு போட்ட பாட்டிலாக மாற்றி, தினமும் எழுத ஒரு பத்தியைப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறேன். டியூ பாயிண்ட் மீட்டர் வியாழக்கிழமை இரவல் கிடைக்கிறது. அதில் எந்த இடத்தில் குழாயைப் பிரித்துச் செருகுவது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்: ட்ரையருக்கு அடுத்தா, கடைசி வடிகட்டிக்கு அப்புறமா?

---

ஆய்வகச்சாளரம் | திங்கள், மாலை 6.00

கடைசி வடிகட்டிக்கு அப்புறம், தம்பி, அனலைசருக்குப் போகும் அதே இடத்தில். அங்கே எண் சரியில்லை என்றால் மட்டும் ட்ரையருக்கு அடுத்து போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஓட விட்டு, எண் இறங்குவது நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். அளந்ததை இங்கேயே போடுங்கள், பார்க்கிறோம்.